வலது சிறுநீரகத்துக்கு மேலே

பிப்ரவரி 3

மயக்க மருந்து டாக்டர் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. எனக்குப் பித்தப்பையில் கல். இந்த மாதக் கடைசியில் ஆபரேஷன். வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு எடுத்துவிடுவார்களாம், மறுநாளே வீடு. இங்கே மயக்கம் கொடுக்கப்போகிற டாக்டர் ஒரு சின்னப் பெண். "குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து குடுத்தப்போ ஏதாவது ஆச்சா?" என்று கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த என் மனைவி, "இவங்க அப்பா டேபிள்லயே போயிட்டாரு டாக்டர்" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு முழு விவரம் வேண்டுமாம். என்னிடம் என்ன விவரம் இருக்கிறது? குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன், சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார் என்று நீங்கள் சொன்னீர்கள். மத்தியானம் துணியால் மூடிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்கள் அடுத்த அறையிலேயே இருந்தும் வரவில்லை என்பதும் தெரியும்.

என்ன நடந்தது என்று எழுதி அனுப்புங்கள். போன் வேண்டாம். உங்கள் எண்ணை என் போனிலும் மனைவி போனிலும் எப்போதோ தடுத்துவிட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு மண்டை தெறிக்கும். கூரியரில் வந்தால் போதும்.

உங்கள் அப்பாவின் மகன்

பிப்ரவரி 7

சுண்டு,

இத்தனை வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். 'ழ'வுக்கு இன்னும் அப்படியே வாலை நீட்டிக்கொண்டுதான் போகிறாய். இதைச் சொல்ல நீ அனுமதி தரவில்லை. சொல்லிவிட்டேன், விடு.

கேட்டதற்குப் பதில். அப்பாவைத் தூங்க வைத்து, தொண்டைக்குள் மூச்சுக்குழாய் இறக்கினார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்கு. குழாய் இறங்கும் நேரத்தில் யாருக்குமே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறும், பிறகு இறங்கிவிடும். அப்பாவுக்கு இறங்கவில்லை. திரையில் மேல் எண் இருநூற்றைம்பதைத் தாண்டியது. கருவி பழுது என்று நினைத்து வேறு கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். அதுவும் அதையே சொன்னது. மயக்கத்தை ஆழமாக்கினார்கள், இறக்குகிற மருந்தும் கொடுத்தார்கள். அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள முடியாமல் இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. குழாய் வழியாக இளஞ்சிவப்பாக நுரை வந்தது. அதற்குப் பிறகு அளக்க அழுத்தமே இல்லை. கத்தி அப்பாவின் வயிற்றைத் தொடவே இல்லை, சுண்டு.

நான் அடுத்த அறையில் ஒரு பிரசவ ஆபரேஷனில் இருந்தேன். நர்ஸ் வந்து கூப்பிட்டபோது அந்தப் பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவளை ஒப்படைக்க ஆள் இல்லை. ஆள் வந்து நான் ஓடியபோது அப்பாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

மாரடைப்பு என்று எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கு அந்தக் காரணம் இன்றுவரை ஒட்டவில்லை. மாரடைப்பு வந்தவருக்கு அழுத்தம் அப்படி எகிறாது.

இப்போது நீ எனக்குப் பதில் சொல். திடீரென்று தலை பிளக்கிற மாதிரி வலி வருகிறதா? கூடவே நெஞ்சு அடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் வியர்க்கிறதா? அப்போது முகம் சிவக்கிறதா, வெளுக்கிறதா? குனிந்தால் வருகிறதா? உன் பதில் வரும்வரை தயவுசெய்து டேபிளில் ஏறாதே.

அக்கா

பிப்ரவரி 11

டாக்டர் அவர்களுக்கு,

சுண்டு என்று எழுத வேண்டாம். எனக்கு நாற்பத்து நாலு வயது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் என் பேச்சைக் கேட்க ஆறு பேர் இருக்கிறார்கள்.

விவரம் கேட்டால் பயமுறுத்தல் வருகிறது. தலைவலி யாருக்குத்தான் வரவில்லை? வருகிறது. வியர்க்கிறது. போன மாதம் ஒரு ஆபீஸ் கட்டடத்தில், லிஃப்ட் வந்து இறங்குகிற குழிக்குள் குனிந்து எண்ணெய்க் கசிவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரோ நெஞ்சுக்குள் சுத்தியலால் அடிக்கிற மாதிரி இருந்தது. ஏணியைப் பிடித்து ஏற முடியவில்லை. கூட வேலை செய்பவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். "என்ன பாஸ், மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?" என்றார். கால்மணி நேரத்தில் சரியாகிவிட்டது. வீட்டிலும் இரண்டு தடவை வந்தது. என் மகளுக்கு அது கோபமாகத் தெரிந்திருக்கிறது. "அப்பா வெள்ளையானா பக்கத்துல போகாதீங்கம்மா" என்று தாயாருக்கு எச்சரிக்கை கொடுக்கிறாள். பதினாலு வயதுதான். எல்லாரையும் திருத்திக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவளுக்கு வாத்தியார் என்றுதான் பெயர்.

படபடப்புக்குத் தெருமுனை டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். இதயத்தின் வேகத்தைக் குறைக்குமாம். நான்கு நாளாகச் சாப்பிடுகிறேன். வேகம் குறைந்திருக்கிறது, தலைவலிதான் கூடியிருக்கிறது. எல்லாம் அந்தக் கல்லால் வருவது. எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஆஸ்பத்திரியில் நடுவில் ஒரு இடம் காலியானதால் பதினேழாம் தேதியே வரச் சொல்லிவிட்டார்கள். போகப்போகிறேன்.

உங்கள் கடிதத்தை அந்தப் பெண்ணிடம் காட்டவில்லை. அந்த நுரை விஷயத்தை இன்னொருவர் படிக்க வேண்டாம் என்று தோன்றியது.

அந்தப் பிரசவக்காரி பிழைத்தாளா?

பிப்ரவரி 13

தம்பி,

அந்த மாத்திரையை நிறுத்து. இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காதே, எழுந்து போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்து படி.

இந்தக் கடிதம் உனக்கு நேரத்தில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று உன் ஆஸ்பத்திரிக்கே போன் செய்து, அந்தச் சின்னப் பெண் என்கிறாயே, அவரிடம் பேசிவிட்டேன். உன்னிடம் பேசக் கூடாது என்றுதான் சொன்னாய். அவரிடம் பேசக் கூடாது என்று சொல்லவில்லை. நீ எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கொள்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உண்டு. நாம் பயந்தால், ஓடினால், உடம்பை முடுக்கிவிடுகிற சுரப்பு அதிலிருந்துதான் வரும். அதில் கட்டி வந்தால் காரணமே இல்லாமல் அதைக் கொட்டும். குனிந்தால் கொட்டும். வயிறு அழுந்தினால் கொட்டும். தொண்டைக்குள் குழாய் இறங்கினால் கொட்டும். பித்தப்பைக்கு வயிற்றுக்குள் காற்றடைப்பார்கள், அந்தக் காற்றே அதைப் பிசையும். உனக்குக் கொடுத்த மாத்திரை இதயத்தைக் கட்டிப்போடுகிறது. ஆனால் ரத்தக் குழாய்கள் இறுகியபடியே இருக்கின்றன. முதலில் குழாய்களைத் தளர்த்தாமல் இதை மட்டும் கொடுக்கவே கூடாது.

அப்பாவும் கோபம் வந்தால் வெளுப்பார். எல்லாருக்கும் சிவக்கும், நம் அப்பாவுக்கு மட்டும் வெளுக்கும். நினைவிருக்கிறதா? நானே அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவள். ஒரு நாளும் என் மூளையில் உறைக்கவில்லை.

நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். ஒரு நாள் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்து, ஒரு ஸ்கேனும் எடுத்தால் தெரிந்துவிடும். தப்பாக இருந்தால் கல்லை எடுத்துக்கொண்டு போ, அதற்குப் பிறகு ஜென்மத்துக்கும் எனக்கு எழுத வேண்டாம்.

அந்தப் பெண் பிழைத்தாள்.

அக்கா

மார்ச் 2

அக்கா,

ஆபரேஷனை ரத்து செய்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, உன் வேலை என்று உடனே புரிந்துவிட்டது. நேராகக் கிளம்பிப் போனேன். வரவேற்பறையில் மேஜையைத் தட்டி, "யாரு சார் என் உடம்புக்கு முதலாளி? நானா, எங்க அக்காவா?" என்று கத்தினேன். நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்தச் சின்னப் பெண் உள்ளேயிருந்து வந்து என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து உட்கார வைத்து, தானே பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தாள். காற்று இறங்கி முடிந்ததும் திரும்பவும் அடித்தாள். எண்ணை எனக்கும் காட்டினாள். அப்பாவுக்கு நீ எழுதியிருந்தாயே, கிட்டத்தட்ட அதே எண்.

"சார், இதே நம்பர் டேபிள்ல வந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல" என்றாள். அதைக் கேட்ட பிறகு எனக்குக் கத்த வரவில்லை.

ஸ்கேனில் இருக்கிறது. வலது சிறுநீரகத்துக்கு மேலே, எலுமிச்சம்பழ அளவில். திரையில் பார்த்தால் ஒன்றும் செய்யாத அப்பாவி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு கேள்வி. அப்பாவின் உடல் வீட்டுக்கு வந்த அன்று எல்லார் முன்னாலும் உன்னைப் பிடித்துத் தள்ளினேன். நீ கதவில் மோதி நெற்றியில் தையல் போட்டார்கள். அப்போது நான் வெளுத்திருந்தேனாம், மனைவி சொல்கிறாள். அந்தக் கோபம் என்னுடையதா, கட்டியுடையதா?

இன்னொன்று. காரணம் தெரிய அப்பாவை அறுத்துப் பார்க்கலாமா என்று அன்று அங்கே இருந்த பெரிய டாக்டர் கேட்டார். கூடாது என்று நான்தான் மறுத்தேன். அன்று பார்த்திருந்தால் இது அன்றே தெரிந்திருக்குமா?

கட்டியை எடுக்கிற ஆபரேஷன் ஏப்ரல் முதல் வாரம், கல் அப்புறம்தானாம். என்னைத் தூங்க வைத்த பிறகு என்ன நடக்கும் என்று ஒளிக்காமல் எழுது. இவர்கள் எல்லாரும், "ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார்கள். அதைக் கேட்டால்தான் பயமாக இருக்கிறது.

மார்ச் 6

சுண்டு (இந்தத் தடவை நீ மறுக்கவில்லை),

இரண்டாவது கேள்விக்கு முதலில். ஒருவேளை தெரிந்திருக்கும். அப்பா போன ஒரு மணி நேரத்தில் கேட்ட கேள்வி அது. யார் பெற்ற பிள்ளையும் அதைத்தான் சொல்லியிருப்பான். நானும் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை.

முதல் கேள்வி, அந்தக் கோபம் யாருடையது என்பது. அதைப் பிரித்துச் சொல்ல ஒரு சோதனையும் கிடையாது.

ஒளிக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். இப்போது கொடுக்கிற மாத்திரைகள் இறுகிய குழாய்களைத் தளர்த்தும். மூக்கு அடைக்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், நிறுத்திவிடாதே. உப்பும் தண்ணீரும் நிறைய எடுத்துக்கொள். இந்த வாரங்கள்தான் உன்னைக் காப்பாற்றப்போகின்றன. அப்பாவுக்கு இது கிடைக்கவில்லை.

ஆபரேஷன் அன்று உன் மணிக்கட்டு நாடிக்குள்ளேயே மெல்லிய குழாய் வைப்பார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் அழுத்தம் திரையில் ஓடும். சர்ஜன் கட்டியைத் தொடும்போதெல்லாம் அது எகிறும். எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் எகிறும். அப்போது, "கையை எடுங்க" என்று மயக்க டாக்டர் சொல்ல வேண்டும், சர்ஜன் கேட்க வேண்டும். இறக்கிய பிறகு மறுபடி தொடுவார்கள். இப்படியே போகும். கட்டியிலிருந்து வருகிற ரத்தக் குழாயைக் கட்டியதும் எல்லாம் தலைகீழ். அதுவரை கொட்டிக்கொண்டிருந்தது ஒரே நொடியில் நின்றுவிடும். அழுத்தம் கிணற்றில் விழுகிற மாதிரி விழும். ஏறுவதைவிட எனக்கு இதில்தான் பயம். வலது பக்கத்தில் அந்தக் குழாய் மிகக் குட்டை, உடம்பின் மிகப் பெரிய ரத்தக் குழாயில் நேராகப் போய்ச் சேர்கிறது. கிழிந்தால் நிறுத்துவது கஷ்டம்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இது வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன். அந்தச் சின்னப் பெண்ணும் கூட நிற்க அனுமதி வாங்கியிருக்கிறார். மயக்கம் நான் கொடுக்க மாட்டேன். உடன்பிறந்தவள் கை அதில் இருக்கக் கூடாது. ஒரு மூலையில் நின்றுகொள்கிறேன். சரி என்று சொல்.

அக்கா

மார்ச் 29

அக்கா,

மூக்கு அடைத்துவிட்டது. நேற்று குளியலறையில் எழுந்து நின்றவன் அப்படியே சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். மருந்து அருமையாக வேலை செய்கிறது. உன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்.

நீ எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். தப்பு செய்துவிட்டேன். அன்றிலிருந்து நான் இருமினால்கூட ஓடி வருகிறாள். வாத்தியார் வேறு மாதிரி. நான் குனிந்து செருப்பு மாட்டப் போனால் முன்னாலேயே வந்து மாட்டிவிட்டுப் போகிறாள்.

நீ உள்ளே வரக் கூடாது. கோபத்தில் சொல்லவில்லை, நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். உள்ளே போனால் நீ டாக்டர். அங்கே டாக்டர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். அப்பா செத்த அன்று வெளியே பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். யார் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொள்வது என்று சொல்ல ஒருத்தர் இல்லை. என் மனைவிக்கு அந்த நிலைமை வேண்டாம். நீ அவள் பக்கத்தில் உட்கார். ஏதாவது ஆனால் வேறு யாரும் அவளிடம் சொல்லக் கூடாது. நீதான் சொல்ல வேண்டும்.

உன் எண்ணை இரண்டு போனிலும் திறந்துவிட்டேன். ஆனாலும் பேச வேண்டாம். பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும்.

தம்பி

ஏப்ரல் 5

சுண்டு,

தீவிரச் சிகிச்சை வார்டுக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். நீ உள்ளே இருக்கிறாய். இன்னும் கண் திறக்கவில்லை. திறந்ததும் என்ன நடந்தது என்று கேட்பாய். அப்போது நான் பூசி மெழுகிவிடக் கூடாது என்பதற்காக இப்போதே எழுதி வைக்கிறேன்.

வெளியே உட்கார்வது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அந்தக் கதவுக்கு உள்பக்கம் மட்டுமே இருந்திருக்கிறேன். உன் மனைவி என் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் பெண் முதல் தடவை வந்து, "ஏறுது, இறக்கிடறோம், ஏறுது, இறக்கிடறோம். சொன்னா சர்ஜன் கையை எடுத்துடறாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல முகம். நான் உன் மனைவிக்குத் தைரியம் சொன்னேன்.

இரண்டாவது தடவை அவர் வரவில்லை. ரத்தப் பெட்டியோடு ஒருவர் ஓடினார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். "அண்ணி, அது யாருக்கு?" என்றாள். "உள்ள மூணு அறை இருக்கும்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க பொய் சொன்னா உங்க தம்பி மாதிரியே மூக்கைத் தேய்க்கறீங்க" என்றாள். அதற்கு மேல் மறைக்கவில்லை. "அவனுக்குத்தான்" என்றேன்.

நான் பயந்த இடத்திலேயே கிழிந்திருக்கிறது. கட்டியின் குழாயைக் கட்டும்போது பெரிய குழாயில் சின்னக் கிழிசல். ரத்தம் போவதும், சுரப்பு நிற்பதும் ஒரே நேரத்தில். அழுத்தம் ஐம்பதுக்குக் கீழே போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அந்தப் பெண் சரியாகச் சொல்லவில்லை. சொல்லாததால் எனக்குப் புரிந்தது. இதயம் நிற்கவில்லை. சர்ஜன் விரலாலேயே அடைத்துக்கொண்டு நின்றாராம், அதற்குள் இவர்கள் ரத்தத்தையும் மருந்தையும் ஏற்றி உன்னைத் தூக்கியிருக்கிறார்கள். கட்டி வெளியே வந்துவிட்டது.

இப்போது உன் அழுத்தம் நன்றாக இருக்கிறது. கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் அழுத்தம் இல்லாத நேரத்தில் மூளைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அந்தத் திரை காட்டாது. நீ கண் திறந்தால்தான் தெரியும்.

வாத்தியாரை இன்று அழைத்து வந்தார்கள். உன் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கு அத்தை" என்றாள். 

திற, சுண்டு.

ஏப்ரல் 30

அக்கா,

மனைவி எழுதித் தருகிறேன் என்றாள், நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

நீ ஊருக்குக் கிளம்பின பிறகு நடக்க ஆரம்பித்தேன். முதலில் வீட்டைச் சுற்றி மட்டும், இப்போது ஆபீஸ் வரை. இடது கையில் இரண்டு விரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஸ்பேனரைப் பிடித்தால் நழுவுகிறது. மூளையில் ஒரு ஓரத்தில் ரத்தம் போகாமல் இருந்திருக்கிறது, இவ்வளவோடு விட்டதே அதிர்ஷ்டம் என்கிறார்கள். குழிக்குள் இறங்கும் வேலை இனி இல்லை. ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாளே ஒருத்தன் லிஃப்டில் மாட்டிக்கொண்டு என்னைத் திட்டினான். நானும் திட்டினேன். வாத்தியாரிடம் சொன்னபோது, "வெளுத்தீங்களா, சிவந்தீங்களா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தேன். சிவந்தேனாம்.

உன் நெற்றியில் அந்தத் தையல் தழும்பைக் கிட்டத்தில் பார்த்தேன், கண் திறந்த அன்று. அப்போது வாயில் குழாய் இருந்தது, பேச முடியவில்லை. இப்போது பேச முடிகிறது, ஆனாலும் வரவில்லை.

கட்டியைச் சோதித்ததில் இது பரம்பரையாக வருகிற வகை என்று சொல்கிறார்கள். அப்பாவிடமிருந்து எனக்கு. உன்னையும் ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாத்தியாரிடமிருந்து நேற்று எடுத்தார்கள். அவளிடம் சத்து இருக்கிறதா என்று பார்க்க என்று பொய் சொல்லிவிட்டோம். நீயும் உடனே கொடு. எனக்குப் போட்ட அதே உத்தரவை உனக்கும் போடுகிறேன். ரிசல்ட் தெரியாமல் ஒரு பல்கூடப் பிடுங்கிக்கொள்ளாதே.

தம்பி

மே 14

சுண்டு,

எனக்கு இல்லை. இன்று காலை தெரிந்தது.

சந்தோஷப்பட வேண்டும். என் கூட வேலை செய்பவர்கள் கை குலுக்கினார்கள். நான் உடை மாற்றும் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்கு இருந்தது, உனக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்து, காசைச் சுண்டிப் போட்ட மாதிரி விழுந்திருக்கிறது.

வாத்தியாருடையது வந்துவிட்டதா? நீ எழுதாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வந்து, நீ அதைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாய் என்று தோன்றுகிறது. நல்ல செய்தி என்றால் அன்றே சொல்லியிருப்பாய்.

அவளுக்கு அந்தப் பரம்பரைக் கோளாறு இருந்தாலும், கட்டி இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. வரலாம் என்றுதான் அர்த்தம். வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருந்தால், வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். இதை உனக்குச் சொல்வது சுலபமாக இருக்கிறது. அவளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

எழுது.

அக்கா

மே 18

அக்கா,

அவளுக்கு இருக்கிறது. ஒரு வாரமாகத் தெரியும். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, இப்போதைக்குக் கட்டி எதுவும் இல்லை. சுரப்பும் சரியாக இருக்கிறது. இப்போதைக்கு என்கிற அந்த வார்த்தையை டாக்டர் மூன்று தடவை சொன்னார்.

நீ வரும்வரை சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தோம். ஆனால் அவளை எத்தனை நாள் ஏமாற்றுவது? இன்று மத்தியானம் டியூஷன் விட்டு வந்து பையைக்கூட இறக்காமல், "சத்து பார்க்க எதுக்குப்பா ஸ்கேன்?" என்று கேட்டாள். அவள் அம்மா உள்ளே போய்விட்டாள். நான்தான் சொன்னேன். நீ எனக்கு எழுதிய மாதிரியே, தொப்பி, சுரப்பு, எல்லாம்.

"தாத்தா இதாலதான் செத்தாரா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அவருக்குத் தெரியாதா?"

"யாருக்குமே தெரியாது."

"உங்களுக்கு?"

"எனக்கு அத்தை சொல்லித்தான் தெரியும்."

என் இடது கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். அந்த இரண்டு விரலைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். அவை மடங்கவில்லை. பிறகு, "எனக்கும் வரும்போது வலிக்குமா?" என்றாள். வந்தால் என்று சொல்லவில்லை, அக்கா, வரும்போது என்றாள். எல்லாரையும் திருத்துகிறவளை எனக்குத் திருத்தத் தெரியவில்லை.

எழுந்து அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அழுகைச் சத்தம் கேட்டால்கூடத் தட்டலாம். ஒரு சத்தமும் இல்லை. நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, மடியில் அட்டையை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கூரியரில் போனால் உனக்குக் கிடைக்க இரண்டு நாளாகும். அவ்வளவு நேரம் என்னால் முடியாது. இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து உன் போனுக்கே அனுப்புகிறேன்.

பார்த்ததும் கூப்பிடு. என்னை வேண்டாம், அவளைக் கூப்பிடு. உள்ளே அவள் போன் அடித்தால் எனக்கு இங்கே கேட்கும்.